உள்ளே மாட்டிய டயர்

எங்கள் வண்டிக்கு ஆறு டயர். முன்னால் இரண்டு, பின்னால் பக்கத்துக்கு ஒரு ஜோடியாக நாலு. மாற்று டயராக ஸ்டெப்னி ஒன்றும் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ள மட்டும்தான். அது எந்த டிரைவரோடு எந்த ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. கேட்டால், அவனுக்கு அவசரம், கொடுத்தேன் என்பார். நமக்கு அவசரம் வந்தால் என்று கேட்டால், உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்பார். எங்கள் வீட்டில் டயரைப் பற்றிய பேச்சு எப்போதும் இந்த இடத்தில் வந்துதான் நிற்கும்.

நான் பயப்படுகிறவள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை வந்து, திரும்பிப் போய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பேன். மழை பெய்தால் கரண்ட் கம்பியைப் பார்ப்பேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் என்னைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பினார்கள். உரசிவிடாதே, இழுக்காதே, ஒன்றன்மேல் ஒன்று போடாதே என்று சொல்லியே அங்கே வளர்த்தார்கள். எதைப் பார்த்தாலும் இது எப்போது வெடிக்கும் என்று யோசிக்கிற பழக்கம் அப்போது வந்தது. அதற்காக என்னை வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஆனால் லாரி டயர் விஷயத்தில் என்னுடையது வீண் பயம் இல்லை. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் காளவாசலில் ஒரு டீக்கடை ஓரமாக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எம் சாண்ட் ஏற்றிய லாரி ஒன்று சிக்னலுக்கு மெதுவாக வந்து நின்றது. ஓடிக்கொண்டிருந்த வண்டிகூட இல்லை, நின்ற வண்டி. அதன் பின் டயர் வெடித்தது. சத்தம் காதில் கேட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை, நெஞ்சில் வந்து அடித்தது. ரோட்டுப் புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பி, கண்ணைத் திறந்து பார்த்தால் டீ மாஸ்டர் கையில் கிளாஸ் இல்லை. லாரிக்குப் பக்கத்தில் சிக்னலுக்காகக் காலை ஊன்றி நின்ற பைக்காரர் ஒருவர் கீழே கிடந்தார். உடம்பில் பெரிய காயம் எதுவும் தெரியவில்லை. வாயை மட்டும் மீன் மாதிரி திறந்து திறந்து மூடினார். காதிலிருந்து ரத்தம் வந்தது. லாரி டிரைவர் இறங்கி வந்து முதலில் பார்த்தது டயரை. "போச்சா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பைக்காரரைத் தூக்கி உட்கார வைத்தது டீக்கடைக்காரர்தான். அந்த ஆளுக்கு ஒரு காது கேட்காமலே போய்விட்டது என்று பிறகு ஒருநாள் அவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வெடித்தது ஒரிஜினல் டயரா, தேய்ந்ததில் புதுப் பட்டை ஒட்டி ரீட்ரேட் பண்ணியதா என்று கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு டயர்களைத் தட்டியபடி சுற்றி வருவார். டிரைவர்கள் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம் அது. டிங்கென்று எழும்பினால் காற்று இருக்கிறது, தொம்மென்று அமுங்கினால் இறங்கியிருக்கிறது. முன் டயரைத் தட்டுவார், பின்னால் வெளி டயரைத் தட்டுவார். அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொரு டயர் இருக்கிறதே, உள் டயர், அதற்குக் கை சரியாக எட்டாது. இடுக்கில் கம்பியை விட்டு ஒரு இடி இடிப்பார். என்ன சத்தம் வந்தாலும் நல்லாருக்கு என்று கம்பியை சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவார். உள் டயரில் காற்று இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் வெளி டயரில் இறங்கும், அது சூடேறி வெடிக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். சொல்லிக் கொடுத்தவர் குனிந்து பார்க்க மாட்டார்.

இந்த வருடம் பொங்கல் கழிந்த சமயம், திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற காலி இடத்தில் வண்டி நின்றது. கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பின்னால் இடது பக்க வெளி டயரில் ஒரு வீக்கம் தெரிந்தது. பக்கவாட்டில், குழிப்பணியாரம் ஒன்றை எடுத்து ஒட்டி வைத்தது போல. விரலால் அழுத்தினால் டயர் மாதிரி இல்லை, வேறு எதுவோ மாதிரி இருந்தது. அவரை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே பார்த்தார். கல்லில் ஏறி இறங்கியதில் உள்ளே நூல் அறுந்திருக்கும், அந்த இடத்தில் காற்று தள்ளுகிறது என்று அமைதியாக விளக்கம் சொன்னார்.

"நூலு அறுந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ஓடுற வரைக்கும் ஓடும்."

"ஓடாதப்ப?"

"அப்ப மாத்திக்கிருவோம். போயி டீயப் போடு."

அதற்குப் பிறகு செங்கல் லோடு, செங்கல் லோடு என்று வாரம் முழுக்க வண்டி ஓடியது. நான் தினமும் சாயங்காலம் அந்தப் பணியாரத்தைப் போய்ப் பார்ப்பேன். பக்கத்தில் பாதி தேய்ந்த இங்கிலீஷ் எழுத்துகள் இருக்கும், அதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்ப்பேன். என்ன பிரயோஜனம், அதில் எப்போது வெடிக்கும் என்றா எழுதியிருக்கும். ஆனாலும் அந்த டயர் எனக்கு முகம் மாதிரி ஆகிவிட்டது. ஆயிரம் டயருக்கு நடுவில் போட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

இந்த நிலைமையில்தான் மாசி சிவராத்திரி வந்தது. எங்கள் குலசாமி கோயில் எழுமலையைத் தாண்டி, மலை அடிவாரத்தில் இருக்கிறது. சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் பூஜைச் சாமான்கள் இருக்கிற சாமிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டும். வருடா வருடம் வேன் பிடிப்பார்கள். இந்தத் தடவை என் வீட்டுக்காரரின் அண்ணன், நம்ம வண்டி இருக்கும்போது வாடகை வண்டி எதற்கு என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். எங்களுக்குக் கடைசியாகத்தான் போன் வந்தது. லாரியில் ஜமுக்காளத்தை விரித்து ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக உட்கார்ந்துகொள்ள வேண்டியது, முன்னால் வாழைமரம் கட்ட வேண்டியது, மைக் செட் போட வேண்டியது. சொந்த வண்டியில் சாமிக்குப் போகிற வம்சம் என்று ஊர் பார்க்க வேண்டுமாம்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று நான் சொன்னேன். சாமிக்குப் போகிற வண்டியை எவன் நிறுத்துவான் என்றார் அண்ணன். போலீஸ் நிறுத்துவதைப் பற்றியா நான் சொன்னேன். வண்டி கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை, செங்கலை அடுக்குகிற இடத்தில் ஆளை அடுக்குகிறீர்கள், போதாததற்கு அந்த டயர். டயர் என்று நான் வாயைத் திறந்ததும் போனில் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது.

வீட்டுக்காரரை நான் விடவில்லை. சோறு போடும்போது சொன்னேன், தண்ணீர் வைக்கும்போது சொன்னேன், படுக்கப் போகும்போது சொன்னேன். நம் இரண்டு பேர் உயிர் என்றால்கூடப் பரவாயில்லை, அத்தனை பேரையும் அந்த டயருக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது என்றேன். கடைசியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர், "மாத்திட்டேன். போயிப் பாத்துக்க" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது பக்க வெளி டயர் வழவழவென்று வீக்கம் எதுவும் இல்லாமல் இருந்தது. அன்றைக்கு அவருக்கு இரண்டு முட்டை பொரித்து வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சிவராத்திரி அன்று காலையில் எங்கள் தெருவே அடைத்துக்கொண்டது. பங்காளி வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்திறங்கினார்கள். பானை, அரிசி மூட்டை, விறகு, நேர்ந்துவிட்ட கிடாய்கள் எல்லாம் வண்டியில் ஏறின. என் வீட்டுக்காரரின் தங்கை, அதாவது என் நாத்தனார், கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகளோடு திருமங்கலத்திலிருந்து வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகப் பின்னால் இடது பக்கம் ஜமுக்காளத்தை விரித்து இடம் பிடித்துவிட்டாள். அங்கே ஏன் என்று கேட்டேன். "சக்கரத்துக்கு மேலதான் மதினி தூக்கித் தூக்கிப் போடும். பாப்பா நல்லாச் சிரிப்பா" என்றாள்.

புறப்படும் முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். அண்ணன் முன் சக்கரங்களுக்கு இரண்டு பழம் கொண்டுவந்திருந்தார். அது போதும் என்பது எல்லோருடைய வழக்கம். எனக்குப் போதாது. முன்னால் போகிறவர்களை மட்டும்தான் சாமி காப்பாற்றுமா. நான் எல்லா டயருக்கும் வாங்கி வைத்திருந்தேன். பின்னால் வெளி டயர்களுக்கு வைத்தாயிற்று. உள் டயருக்கு வைக்க வேண்டும் என்றால் வண்டிக்கு அடியில் நுழைய வேண்டும். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடது பக்கம் அடியில் நுழைந்தேன். மேலே பலகையில் பிள்ளைகள் குதிக்கிற சத்தம். பழத்தை உருட்டி வைத்துவிட்டு நிமிர்ந்தால், என் முகத்துக்கு நேரே அது இருந்தது.

அதே டயர். பக்கத்தில் அதே பாதி தேய்ந்த இங்கிலீஷ். பணியாரம் மட்டும் இப்போது பணியாரம் இல்லை, பாதித் தேங்காய் மூடி அளவுக்கு வளர்ந்திருந்தது. நடுவில் வெடிப்பு விட்டு, உள்ளேயிருந்து கம்பி ஒன்று விளக்குமாற்றுக் குச்சி நுனி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

இதுதான் இந்த லாரிக்காரர்களின் வித்தை என்று பிறகு டயர் கடையில் விசாரித்தபோது தெரிந்தது. வெளியே மாட்டியிருந்ததைக் கழற்றி, வீக்கம் உள்பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பி, உள்ளே மாட்டிவிடுவார்கள். உள்ளே இருந்த நல்ல டயர் வெளியே வந்துவிடும். விருந்தாள் வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி உள் அறையில் போடுகிற மாதிரி. ஆர்டிஓ கண்ணில் படாது, பெண்டாட்டி கண்ணிலும் படாது. கண்ணில் படாவிட்டால் வெடிக்காது என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

வெளியே வந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். சத்தம் போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வாழைமரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"மாத்திட்டேன்னுதான சொன்னேன். தூக்கிப் போட்டேன்னா சொன்னேன்?"

அப்புறம் சமாதானம். செங்கல் லோடே தாங்கியிருக்கிறது, மனுஷங்க என்ன பெரிய பாரம், நாளைக்குத் திரும்பி வந்ததும் கழற்றிவிடுகிறேன், எல்லோரும் பார்க்கிறார்கள், போய் ஏறு.

நான் ஏறவில்லை. நேராகப் போய் இடது பக்கப் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். திட்டம் எல்லாம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

நல்ல நேரம் போகிறது என்று அண்ணன் கைக்கடிகாரத்தைத் தட்டினார். வண்டிக்கு மேலேயிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ ஒருவர், "எலுமிச்சம்பழம் பத்தலையாம்டா, அவளே ஒக்காந்துட்டா" என்றார். மேலே ஒரே சிரிப்பு. மைக் செட் வேறு அலறிக்கொண்டிருந்தது. நாத்தனார் எட்டிப் பார்த்து, நல்ல நாளும் அதுவுமா ஏன் மதினி இப்படிப் பண்ணுறீங்க என்று அழுகிற குரலில் கேட்டாள். சாமிக்குப் போகும்போது டயர் வெடிக்கும் என்று சொல்கிற வாயைக் கழுவச் சொன்னார் அண்ணன். நான் அந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர் வந்து எனக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். புது வேட்டி. முகம் கறுத்திருந்தது.

"எந்திரி புள்ள. மானம் போகுது."

"அடியில போயி அதுல கைய வச்சுப் பாருங்க. வச்சுப் பாத்துட்டு வந்து, உங்க தங்கச்சி மகளை அதுக்கு மேல ஒக்கார வைக்கலாம்னு சொல்லுங்க. நான் எந்திரிக்கிறேன்."

என்னைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுத்திருக்கலாம். என்ன நினைத்தாரோ, அந்த வேட்டியோடு அடியில் நுழைந்தார். டயர் கடையில் மாட்டிய அன்றைக்குப் பார்த்ததுதான், அதற்குப் பிறகு அவரும் அதைப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது ஆள்காட்டி விரலில் ரத்தம் பொட்டாக நின்றது. அந்தக் கம்பி குத்தியிருக்கிறது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், அண்ணனைப் பார்த்து, கியர் பாக்ஸில் ஒரு சத்தம் வருகிறது, ஆட்களை ஏற்ற வேண்டாம், எல்லோரும் பஸ்ஸில் போய்விடுங்கள் என்றார்.

கியர் பாக்ஸ். டயர் என்று சொல்ல வாய் வரவில்லை. பெண்டாட்டி சொன்னது சரி என்று ஆகிவிடுமே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் மேலே இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள், பிள்ளைகளைக் கைமாற்றி இறக்கினார்கள். கியரோ டயரோ, இறங்கினால் சரி என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அதோடு நிற்குமா. கிடாய்களை பஸ்ஸில் ஏற்ற முடியாது, விறகும் அரிசியும் போக வேண்டும், பெரிய லோடு இல்லாத வண்டி, மெதுவாக வாரேன் என்று அவர் கிளம்பிவிட்டார். அந்த ஒரு டயரைக் கழற்றிவிட்டாவது போங்கள் என்றேன். டயர் கடை பூட்டியிருக்கும், நேரமாகிவிடும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்குப் பாடம் கற்பிக்கிற மாதிரி அண்ணன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் சாமிப் பெட்டியோடு ஷேர் ஆட்டோக்களில் காளவாசலுக்கு வந்து உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினோம். பெட்டியை மடியில் வைத்திருந்த பெரியவரிடம் அதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்று கண்டக்டர் சொல்லப்போக, அங்கே ஒரு சண்டை. நாத்தனார் என்னோடு பேசவில்லை. வெயிலில் குழந்தை வேறு சிணுங்கிக்கொண்டே வந்தது. நான் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் ஏன் எடுக்கவில்லை என்று பயம். திரும்பப் போட்டதும் எடுத்தார். ஓட்டிக்கொண்டே எதற்கு போன் எடுத்தார் என்று அதற்கும் பயம். வைங்க என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்கா போன் போட்டாய் என்று பக்கத்து சீட்டில் இருந்தவர்கூடக் கேட்டார்.

செக்கானூரணி தாண்டி ஒரு வளைவில் பஸ் மெதுவானது. ரோட்டில் பெரிய பெரிய கறுப்புத் தோல் துண்டுகளாகக் கிடந்தன. அவை என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் எங்கள் வண்டி நின்றது. வாழைமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் நிறுத்தச் சொன்ன சத்தத்தில் டிரைவர் திரும்பியே பார்த்துவிட்டார். எங்கள் கூட்டம் முழுக்க அங்கேயே இறங்கியது.

அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன், அடி எதுவும் இல்லை. நான் சொல்வது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். வெளி டயர் தாங்கிக்கொண்டதால் வண்டி கவிழவில்லை. கிடாய் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பருத்திக் காட்டுக்குள் ஓடிவிட்டது. அண்ணன் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார், துண்டும் செருப்பும் ரோட்டோரம் கிடந்தன.

என் வீட்டுக்காரர் கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பத்தான் ஒரு பைக்கு ஒரசுறாப்ல தாண்டிப் போச்சு. புருசன் பொண்டாட்டி, நடுவுல ஒரு புள்ள. அவங்க போயி, நான் மூச்சு விடல, வெடிச்சுருச்சு."

சொல்லிவிட்டு ரோட்டைப் பார்ப்பார். அப்புறம் அடுத்த ஆளிடம் அதையே முதலிலிருந்து சொல்வார். டயர் போன நஷ்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை என்பதை நான் கவனித்தேன்.

நாத்தனார் குழந்தையின் பால் பாட்டிலை வண்டியிலேயே விட்டிருந்தாள். அதை எடுக்கப் பின்னால் ஏறினாள். ஏறியவள் இறங்கவில்லை. கொஞ்சம் கழித்து, "மதினி, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை. நானும் ஏறினேன். இடது பக்கம், பின் சக்கரத்துக்கு மேலே, வண்டியின் அடிப் பலகை இரண்டு கீழேயிருந்து மேலாகப் பிளந்து நின்றது. வெடித்த டயரின் பட்டை பிய்ந்து சுழன்று, நிற்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அவள் விரித்துவிட்டுப் போன ஜமுக்காளம் அப்படியே இருந்தது. அதன் நடுவில் பலகைச் சிம்பு குத்தி வெளியே வந்திருந்தது. நாத்தனார் ஜமுக்காளத்தை எடுக்கவில்லை. குழந்தையை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள்.

நாங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனோம். உசிலம்பட்டியிலிருந்து ஆள் வந்து ஏதோ ஒரு டயரை மாட்டி, வண்டியும் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் அண்ணன் கதையைத் தயார் பண்ணிவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சாமி எப்படிக் காப்பாற்றியது பார்த்தீர்களா, கியரைக் கெடுத்து எல்லோரையும் இறக்கிவிட்டிருக்கிறது, இல்லாவிட்டால் எம்புட்டு உசுரு என்றார். கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி காப்பாற்றியதை நான் மறுக்கவில்லை. ஆனால் கெடாத கியரை எப்படிக் கெடுத்தது என்று யாராவது கேட்க வேண்டாமா. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கிடாய்க்கு மாலை போடுகிற வேலையில் மும்முரமாக இருந்தார். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் புகையில் கண் கலங்குகிறது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் கறிச்சோறு முடிந்து கிளம்ப வேண்டிய நேரம். நான் பைகளை எடுத்துக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியே வந்தால், எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள். பிளந்த பலகை மேல் யாரோ சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் ஏறியே விட்டார்கள். அண்ணன், இப்போதுதான் வேறு டயர் போட்டாயிற்றே, எழுமலைக்கு நடந்து போய் பஸ்ஸுக்கு நிற்க வேண்டுமா என்று பிள்ளைகளைத் தூக்கி மேலே கொடுக்கப் போனார். திரும்பவும் ஒரு சக்கரத்துக்கு முன்னால் உட்கார என்னிடம் தெம்பு இல்லை. இந்த ஜனங்களுக்கு எத்தனை டயர் வெடித்தால் போதும்.

என் வீட்டுக்காரர் முன்பக்கத்திலிருந்து நடந்து வந்தார். மேலே இருந்த இரண்டு பேரையும் கையைப் பிடித்து இறக்கினார். பின் கதவைத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் கொண்டியைப் போட்டார்.

"ஆளு ஏத்த மாட்டேன்ணே. பஸ்ஸுல போங்க."

"கியரு இன்னும் சரியாகலையாடா?"

"கியருக்கு என்னைக்கும் ஒண்ணும் இல்ல."

அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் வேறு எங்கோ பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறப் போகும்போது, உள் டயரையும் பார்த்தீர்களா என்று கேட்டேன். கேட்காமல் எப்படி விடுவது. பாத்துட்டேன், நீயும் வேணும்னா போயிப் பாரு என்றார். குனிந்து போய்ப் பார்த்தேன். புதுசு இல்லை, ஆனால் வீக்கம் இல்லை. நீ வண்டியிலேயே வாரியா என்று அவர் கேட்கவில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. நாத்தனாரையும் குழந்தையையும் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை.

எழுமலையில் பஸ் வந்து நிற்பதற்குள் அண்ணன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஒரு நீள சீட்டைப் பிடித்துவிட்டார். கறிச்சோறு சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். அண்ணன் உள்ளேயிருந்து, வா வா, உனக்குத்தான் இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று தங்கையைக் கூப்பிட்டார். நாத்தனார் ஏறிப் போனாள். சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள், உட்காரவில்லை. குனிந்து, கால் வைக்கிற இடத்தில் தகரம் மேடாக எழும்பியிருப்பதைப் பார்த்தாள். பிறகு பின்னால் வந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மதினி, இதுக்குக் கீழதான டயரு இருக்கு?"

"ஆமா."

குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் போய், டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். இடம் பிடித்துக் கொடுத்தால் நின்றுகொண்டு வாராளே என்று அண்ணன் என்னிடம் குறைப்பட்டார். நான் அந்தத் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நானும் முன்னால் போய் அவளோடு நின்றேன். உசிலம்பட்டி வரும் வரை குழந்தையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம்.